டியாகோ கார்சியா: மனு எழுதும் முன் பிரித்தறிய வேண்டிய மூன்று கேள்விகள்

வாசகர் கேள்வி: கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊர் ஒன்றில் சிறிய வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். எங்கள் பகுதி ஆழ்கடல் மீனவர்கள் டியாகோ கார்சியா பக்கம் பிடிபட்ட செய்தி வந்தபோதுதான் அந்தத் தீவைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். ‘அந்நிய ராணுவத் தளத்தை அகற்று’ என்று கையெழுத்து வாங்கி இந்திய அரசுக்கு அனுப்ப எண்ணுகிறோம். இதனால் பயன் உண்டா? எப்படி எழுதுவது?

பதில்: பயன் உண்டு. ஆனால் உங்கள் முழக்கத்தில் மூன்று கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன: டியாகோ கார்சியா அடங்கிய, இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுக்கூட்டம் எந்த நாட்டுக்கு உரியது, அங்கே அமெரிக்க, பிரிட்டிஷ் ராணுவத் தளம் இருக்கலாமா, அங்கிருந்து வெளியேற்றப்பட்ட மக்கள் திரும்பிச் செல்லலாமா. இவற்றைப் பிரித்துக்கொள்ளாமல் எழுதப்படும் மனுவுக்குப் பொதுவான பதில் ஒன்றை அனுப்பிவிட்டுக் கோப்பை மூடிவிடுவது எந்த அலுவலகத்துக்கும் எளிது.

1965 நவம்பரில், மொரிஷியஸ் விடுதலை பெறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்குள், பிரிட்டன் இத்தீவுகளை அதிலிருந்து பிரித்துத் தனி ஆட்சிப்பகுதியாக்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவுடன் ராணுவத் தளத்துக்கான உடன்பாடு கையெழுத்தானது. பிறகு 1973 வரை, தலைமுறைகளாகத் தென்னந்தோப்புகளில் உழைத்து வாழ்ந்த மக்கள் கட்டங்கட்டமாக மொரிஷியஸுக்கும் சீஷெல்ஸுக்கும் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு முதல் இரண்டாயிரம் பேர். அவர்களுடைய வளர்ப்பு நாய்கள் கொட்டகையில் அடைத்துப் புகையூட்டிக் கொல்லப்பட்டன. பெரோஸ் பானோஸ் தீவில் பிறந்த லிஸ்பி எலிஸே, கப்பலில் ஏற்றப்பட்டபோது தாம் கருவுற்றிருந்ததையும் அந்தக் குழந்தை பிழைக்காததையும் 2018இல் சர்வதேச நீதிமன்றத்துக்கு அளித்த காணொளி வாக்குமூலத்தில் சொன்னார். உங்கள் வட்டத்தினர் கையெழுத்து வாங்கப் புறப்படும் முன் அந்தச் சில நிமிடக் காணொளியைச் சேர்ந்து பார்க்க வேண்டுமென்று விரும்புகிறேன்.

இந்தப் போராட்டத்தைத் தொடங்கி நடத்தியவர்களில் பெரும்பாலோர் மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயியின் சேரிகளில் தவித்த சாகோஸ் பெண்கள். லிசெட் தலாத், ஷார்லேஸியா அலெக்ஸிஸ் போன்றோர் உண்ணாவிரதம் இருந்தார்கள், தெருவில் இறங்கினார்கள், காவலில் வைக்கப்பட்டார்கள். 1982இல் பிரிட்டன் நாற்பது லட்சம் பவுண்டு இழப்பீடு தர ஒப்புக்கொண்டதற்கு அவர்களுடைய விடாப்பிடியே முக்கியக் காரணம். ஆனால் பணம் பெற வந்தவர்களிடம், எழுதப் படிக்கத் தெரியாத பலரிடமும், திரும்பிச் செல்லும் உரிமையைக் கைவிடுவதாக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட படிவங்களில் கைரேகை வாங்கப்பட்டது. தங்களுக்காக மற்றவர்கள் எழுதும் தாள்களை அம்மக்கள் இன்றும் ஐயத்துடன் பார்ப்பதற்கு இந்த அனுபவம் போதும்.

இறையாண்மைக் கேள்வியில் நிலைமை ஓரளவு தெளிவு. 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம், மொரிஷியஸின் காலனிய விடுவிப்பு சட்டப்படி நிறைவடையவில்லை என்றும், பிரிட்டன் தன் நிர்வாகத்தைக் கூடிய விரைவில் முடித்துக்கொள்ள வேண்டும் என்றும் கருத்துரைத்தது. இது ஆலோசனைக் கருத்தே தவிர, கட்டுப்படுத்தும் தீர்ப்பு அன்று. உங்கள் மனுவில் ‘தீர்ப்பு’ என்று எழுதிவிடாதீர்கள். அதே ஆண்டு மே மாதம் ஐ.நா. பொதுச்சபை 116 வாக்குகளுடன் இதை வழிமொழிந்தது. எதிர்த்தவை ஆறு நாடுகள் மட்டுமே. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. 2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரிஷியஸும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இறையாண்மை மொரிஷியஸுக்குரியது என்கிறது. ஆனால் டியாகோ கார்சியாவைத் தளத்துக்காக 99 ஆண்டுகள் பிரிட்டன் வசமே விடுகிறது. மீள்குடியேற்றத்தை மற்றத் தீவுகளில் மட்டும் மொரிஷியஸ் மேற்கொள்ளலாம் என்கிறது. அதாவது முதல் கேள்விக்கு ஒரு விடை கிடைக்கும்போதே, மற்ற இரண்டும் மக்களுக்குப் பாதகமாக முடிக்கப்படுகின்றன. இந்தப் பேச்சுவார்த்தை மேசையில் சாகோஸ் மக்களுக்கு இருக்கை தரப்படவில்லை என்பதே என் கடுமையான ஆட்சேபம்.

இனி உங்கள் மனுவுக்கு வருவோம். 1971இல் இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக அறிவிக்கும் தீர்மானத்தை இலங்கை ஐ.நா.வில் கொண்டுவந்த காலத்தில் டெல்லி இத்தளத்தை வெளிப்படையாக எதிர்த்தது. இன்றோ இந்தியாவும் அமெரிக்காவும் 2016இல் செய்துகொண்ட, எரிபொருள், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு ஒருவர் ராணுவத் தளங்களை மற்றவர் பயன்படுத்த வழிசெய்யும் ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. தளத்தை அகற்றக் கோருவது உங்கள் உரிமை, அதை எழுதுங்கள். அதனுடன், அரசு உண்மையிலேயே விடை சொல்ல வேண்டிய ஒரு கோரிக்கையையும் சேருங்கள். 2025 செப்டம்பரில் இந்தியா மொரிஷியஸுக்கு அறிவித்த உதவித் தொகுப்பில் சாகோஸ் கடல்வாழ் உயிரினப் பாதுகாப்புப் பகுதியின் மேம்பாடும் கண்காணிப்பும் இடம்பெற்றுள்ளன. 2010இல் பிரிட்டன் அப்படியொரு பாதுகாப்புப் பகுதியை அறிவித்தபோது, அது மக்கள் திரும்புவதைத் தடுக்க உதவும் என்ற அதிகாரிகளின் கணக்கு பின்னர் வெளியான அமெரிக்கத் தூதரகத் தகவலில் அம்பலமானது. 2015இல் நடுவர் தீர்ப்பாயம் அந்த அறிவிப்பு கடல் சட்ட உடன்படிக்கைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஆகவே, இந்தியப் பணத்தில் நடக்கும் எந்தத் திட்டமும் சாகோஸ் மக்களின் குடியேற்றத்துக்கும் மீன்பிடிக்கும் இடமளிக்க வேண்டும், அவர்களைக் கலந்தே வகுக்கப்பட வேண்டும் என்று கேளுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் கேட்பதால் இதற்குக் கூடுதல் கனம் உண்டு.

மனுவை வெளியுறவு அமைச்சகத்துக்கு அனுப்புங்கள். நகலை உங்கள் மக்களவை உறுப்பினரிடம் நேரில் கொடுத்து, அதையே நாடாளுமன்றக் கேள்வியாக எழுப்பக் கேளுங்கள், ஏனெனில் அங்கே வரும் எழுத்துபூர்வப் பதில் பொது ஆவணமாகிவிடும். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழும் கேட்கலாம். வெளிநாட்டு உறவைக் காரணம் காட்டி மறுக்கச் சட்டத்தில் இடம் இருப்பதால், கொள்கையைக் கேட்காமல் திட்டச் செலவையும் அதை நடத்தும் அமைப்பையும் மட்டும் கேளுங்கள். இச்செயல்பாட்டுக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வாங்க வேண்டாம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவு இல்லாத குழுவுக்கு அது குற்றமாகிவிடும்.

தமிழர்களுக்கு இத்தீவுடன் இன்னொரு தொடர்பும் உண்டு. 2021 அக்டோபரில் கனடா செல்லப் படகேறிய இலங்கைத் தமிழர்கள் நடுக்கடலில் மீட்கப்பட்டு, மூன்று ஆண்டுகள் டியாகோ கார்சியாவில் அடைத்துவைக்கப்பட்டார்கள். அது சட்டவிரோதக் காவல் என்று பிரிட்டன் உருவாக்கிய அந்த ஆட்சிப்பகுதியின் நீதிமன்றமே 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. இதையும் ஒரு பத்தியில் குறிப்பிடுங்கள், ஆனால் மனுவின் நடுவில் சாகோஸ் மக்களே இருக்கட்டும்.

அவர்களும் ஒரே குரலில் பேசுபவர்கள் அல்லர். மொரிஷியஸின் இறையாண்மையை ஏற்பவர்கள் உண்டு, பிரிட்டனின்கீழ் இருப்பதையே விரும்புவோரும் உண்டு. தளம் இருந்தாலும் பரவாயில்லை, ஊர் திரும்பினால் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். எனவே வரைவு முடிந்ததும் கையெழுத்து வாங்கத் தொடங்காதீர்கள். அதை மொழிபெயர்த்து, மொரிஷியஸ், சீஷெல்ஸ், பிரிட்டனின் கிராலி நகரம் ஆகிய மூன்று இடங்களிலும் உள்ள சாகோஸ் அமைப்புகளுக்கு அனுப்பி, ஒரு மாதமாவது காத்திருங்கள். அவர்கள் திருத்தச் சொல்லும் வரிகளைத் திருத்திய பிறகு ஊருக்குள் கொண்டுசெல்லுங்கள்.