வெந்நீர் ஊற்றின் குட்டி அல்லி

அன்புள்ள ஐயா,

உலகிலேயே மிகச் சிறிய அல்லி ருவாண்டாவில் ஒரு வெந்நீர் ஊற்றில் வளர்ந்தது என்று படித்தேன். கொதிக்கிற தண்ணீரில் செடி எப்படிப் பிழைக்கும்? மொட்டைமாடியில் சிமெண்ட் தொட்டி வைத்து அல்லி வளர்க்கிறேன். இதையும் அதில் போட்டால் வருமா?

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள வாசகிக்கு,

கொதிக்கிற தண்ணீரில் அது வளரவில்லை. சொல்லப்போனால் தண்ணீருக்குள்ளேயே வளரவில்லை. ருவாண்டாவின் தென்மேற்கில் மஷ்யூசா என்ற இடத்தில் அந்த ஊற்று சுமார் 50 டிகிரி சூட்டில் வெளியே வருகிறது. அது வழிந்தோடி 25 டிகிரிக்கு ஆறுகிற இடத்தில், ஓரத்து ஈரச் சேற்றில்தான் செடி இருந்தது. 1987-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் எபர்ஹார்ட் ஃபிஷர் அதைக் கண்டுபிடித்தார். சில இலைகள் ஒரு சென்டிமீட்டர் அகலம்தான். வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் மகரந்தத் தாள்கள். அளவை மறந்துவிட்டால் நம் குளத்து அல்லியேதான்.

அப்புறம் ஊற்று நீரை வேறு பக்கம் திருப்பினார்கள். சேறு காய்ந்தது. 2008-இல் அங்கே ஒரு செடியும் இல்லை. ஃபிஷர் முன்பே ஜெர்மனியின் பான் நகரத் தாவரவியல் பூங்காவுக்குச் சில செடிகளை அனுப்பியிருந்ததால் இனம் தப்பியது.

லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் மற்ற அல்லிகளைப் போலவே நீருக்குள் வைத்து வளர்த்துப் பார்த்தார்கள். விதை முளைத்தது, நாற்று தேறவில்லை. நீர் ஏற ஏறத் தண்டை நீட்டிக்கொண்டு மேலே வருவது நம் ஆம்பலின் குணம். இதற்கு அது கிடையாது. கார்லோஸ் மக்தலேனா என்ற தோட்டக்கலைஞர் நீர்மட்டத்தை மண்ணின் மேற்பரப்போடு நிறுத்தி, நாற்றைக் காற்றுபட வைத்தார். தண்ணீருக்குள் போதாமல் இருந்த கரியமில வாயு காற்றிலிருந்து தாராளமாகக் கிடைத்தது. 2009-இல் பூத்தது.

2014 ஜனவரியில் கியூவின் கண்ணாடி வீட்டிலிருந்தே ஒரு செடியை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அரிய செடி என்றாலே சிலருக்குக் கை சும்மா இருக்காது. நல்ல சேதியும் உண்டு: 2023-இல் ருவாண்டாவிலேயே அதை மறுபடி கண்டிருக்கிறார்கள்.

சரி, உங்கள் தொட்டி. அந்த ஆழத்தில் இது மூழ்கிச் செத்துவிடும். குட்டியாக ஒன்று வேண்டுமென்றால், நம் பக்கத்துக் குளங்களில் இதழ் முழுக்கப் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளைப் பூ பூக்கும் சிறு செடியைப் பாருங்கள். இலை அல்லி மாதிரி இருக்கும், அல்லிக்கு உறவில்லை. தொட்டியில் நன்றாக வரும். விட்டால் தொட்டி முழுக்கப் பரவிவிடும், அவ்வப்போது கிள்ளிவிடுங்கள்.