சொட்டும் இடம் ஒன்று, ஓட்டை இன்னொன்று: சேலம், ஏற்காடு வாசகர்களின் கூரைக் கசிவுக் கேள்விகள்

பாய்மரப் படகுகளின் மேல்தளத்தில் போல்ட் வழியாக இறங்கும் கசிவைத் தேடிப் பிடிக்கும் வேலையில்தான் நான் தொழில் கற்றேன். இப்போது சேலத்தில் ஷீட் கூரை, மொட்டை மாடி வேலைகள் பார்க்கிறேன். ஐப்பசி மழை தொடங்கும் முன் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அம்மாபேட்டையிலிருந்து ஒரு நெசவாளர்: அண்ணா, தறிக்கூடத்துக்கு ஷீட் போட்டு ஆறு வருஷம் ஆகுது. மழை வந்தா சரியா பாவு நூல் மேலயே சொட்டுது. நேர் மேல இருக்கிற ஸ்க்ரூ எல்லாத்துக்கும் சிலிகான் வெச்சுட்டோம், நிக்கல.

சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருப்பது அபூர்வம். தண்ணீர் எங்கேயோ உள்ளே நுழைந்து, ஷீட்டின் அடிப்பக்கத்தை ஒட்டியே வாட்டத்தோடு இறங்கும். ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின் வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடி, ஒரு வெல்டிங் முடிச்சிலோ தொய்வான இடத்திலோ நின்று சொட்டும். அதனால் சொட்டும் இடத்திலிருந்து மேட்டுப்பக்கமாகத் தேடுங்கள்.

முதலில் பாவைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். மழையில்லாத ஒரு நாளில், ஒருவர் டார்ச்சோடு உள்ளே, ஒருவர் ஹோஸோடு மேலே. உள்ளே சந்தேகப்படும் பகுதியைத் துணியால் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவித் தடவுங்கள். ஒரு சொட்டு ஓடினாலும் தடம் தெரியும். மேலே இருப்பவர் கீழ்விளிம்பிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு வரிசை ஸ்க்ரூவில் பத்து நிமிடம் மெதுவாகத் தண்ணீர் விட்டு, உள்ளே ஒன்றும் இல்லை என்று குரல் வந்த பிறகுதான் அடுத்த மேல் வரிசைக்குப் போக வேண்டும். உச்சியிலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா ஸ்க்ரூவையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. பிரஷர் வாஷர் வேண்டாம். மழை போகாத இடத்திலும் அது தண்ணீரை ஏற்றிவிடும்.

வரிசை தெரிந்ததும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கிட்டத்தில் பாருங்கள். தலைக்கு அடியில் கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கும். இரும்புத் தொப்பியின் விளிம்பைவிட ஒரு நூலளவு மட்டும் வெளியே பிதுங்கியிருந்தால் அது சரியாக உட்கார்ந்திருக்கிறது. அதிகம் முறுக்கியிருந்தால் ரப்பர் பிளந்து நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். முறுக்குப் போதவில்லை என்றால் வாஷரை விரலாலேயே சுழற்றலாம். நகத்தால் அழுத்திப் பாருங்கள். பதியவே இல்லையென்றால் வெயிலில் ரப்பர் செத்துவிட்டது. அந்த ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, 5.5 மி.மீ. இருந்த ஓட்டையில் 6.3 மி.மீ. ஸ்க்ரூவை ஈபிடிஎம் என்னும் வெயில் தாங்கும் ரப்பர் வாஷரோடு போடுங்கள். முன்னால் தடவிய சிலிகானை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

கொண்டலாம்பட்டியிலிருந்து விசைத்தறி வைத்திருப்பவர்: கடையில் நல்ல சிலிகான் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஏன் ஒரு வருடத்தில் உரிந்து வருகிறது?

ஷீட் சும்மா இருப்பதில்லை. மதிய வெயிலில் 60 டிகிரிக்குப் போன தகடு, மழை விழுந்ததும் 25 டிகிரிக்கு இறங்குகிறது. 6 மீட்டர் இரும்பு ஷீட் அதற்குள் சுமார் 2.5 மி.மீ. சுருங்கும், அலுமினியம் ஏறக்குறைய 5 மி.மீ. வெளிச்சத்துக்காக நடுவில் போடும் பாலிகார்பனேட் ஷீட் சுமார் 14 மி.மீ. போகும், அதனால்தான் அதற்கு ஸ்க்ரூவைவிடப் பெரிய ஓட்டை போட வேண்டும் என்கிறோம். இந்த இழுபறியில், தலைக்கு மேல் பூசிய சிலிகானின் ஓரம் முதலில் கிளம்பும். பிறகு அதற்குள் புகுந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் ஸ்க்ரூவையே அரிக்கும். அடைப்பான் எதுவானாலும் இரண்டு பரப்புக்கு நடுவே அழுந்தி இருந்தால்தான் வேலை செய்யும்.

வினிகர் வாடை அடிக்கும் சிலிகானை ஜிஐ என்னும் துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில் வைக்கவே கூடாது, அதிலுள்ள அமிலம் அந்தப் பூச்சைத் தின்றுவிடும். அந்த அமிலம் விடாத நியூட்ரல் சிலிகான் கேளுங்கள். ஷீட் மேல் ஷீட் ஏறும் இடத்துக்கு பியூட்டைல் என்னும் ஒட்டும் ரப்பர் டேப் இன்னும் நல்லது. ஒருமுறை சிலிகான் பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத படலம் நின்றுவிடும், அதன்மேல் பெயின்ட்டோ வேறு அடைப்பானோ ஒட்டாது. வாங்கும் முன் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு அக்கா: மழையே இல்லாத நாளிலும் விடியற்காலையில் படுக்கை மேல் சொட்டுகிறது.

அக்கா, அது பெரும்பாலும் கசிவாக இருக்காது. 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டத்தில் தகடு குளிர்ந்து கிடக்கிறது. உள்ளே ஆட்களின் மூச்சு, வெந்நீர், சமையல் என்று வரும் ஈரம் அதில் பட்டு வியர்க்கிறது. ராத்திரி அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு ஐந்து மணிக்கு டார்ச் அடித்துப் பாருங்கள். முத்து முத்தாகப் பரவலாக இருந்தால் வியர்வை. ஒரே புள்ளியிலிருந்து கோடாக இறங்கினால் கசிவு. வியர்வை என்றால் குளியலறைக்கும் சமையலறைக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன், உச்சியில் காற்றுப் போக வழி, தகட்டுக்கு அடியில் ஃபோம் இன்சுலேஷன் என்று செலவு செய்யுங்கள். சீலன்ட் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

நாகலூர் பக்கம் காபித் தோட்ட வீடு: ஓட்டுக்கூரை, இரண்டு சரிவு சேரும் மூலையில் மட்டும் ஒழுகல்.

சில்வர் ஓக் இலை. அந்த மூலைத் தகட்டில் இலை மக்கி அணை கட்டியிருக்கும், தண்ணீர் பின்வாங்கி ஓட்டுக்கு அடியில் ஏறும். கையுறை போட்டு அள்ளிவிட்டு, தகட்டில் துருத்துளை இருக்கிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு இரண்டு முறை அள்ளினால் போதும்.

அஸ்தம்பட்டி: மொட்டை மாடியில் சோலார் ஸ்டாண்டுக்கு போல்ட் அடித்தார்கள். இப்போது கீழ் ரூமில் ஓதம். பிளேட்டைச் சுற்றி சிமெண்ட் பூசினால் போதுமா?

போதாது. பேனலில் காற்று மோதும்போதெல்லாம் ஸ்டாண்டு அந்த போல்ட்டை அசைக்கிறது. சிமெண்ட் அசையாது, விரிசல்தான் விடும். முதலில் கூரையின் மற்ற பகுதி குற்றவாளி இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஒவ்வொரு பிளேட்டைச் சுற்றியும் களிமண்ணால் சிறு வரப்புக் கட்டி, கேசரிப் பவுடர் கலந்த தண்ணீரை ஒரு நாள் நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு கால் மட்டும். கீழே நிறம் வந்தால் அந்தக் கால்தான்.

சோலார் போட்டவர்களையே வரவழைத்து, ஸ்டாண்டுக்கு முட்டுக் கொடுத்து, அந்த ஒரு காலை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். ஓட்டையைப் பிரஷ் விட்டு, காற்று ஊதித் தூசு போக்கி, கெமிக்கல் ஆங்கர் என்னும் இறுகும் பசை வைத்து போல்ட்டை மறுபடி நிறுத்த வேண்டும். பிளேட்டின் அடியில் பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் வைத்து, நட்டு இறுக்கும்போது நாலு ஓரமும் பிதுங்கி வர வேண்டும். ஓர் ஓரத்தில் பிதுங்கவில்லை என்றால் அங்கே இடைவெளி இருக்கிறது. இனிமேல் ஸ்டாண்டு போடுகிறவர்களுக்கு என் யோசனை: தளத்தைத் துளைக்காமல் கான்கிரீட் கட்டைகளின் எடையிலேயே நிறுத்த முடியுமா என்று இன்ஜினியரிடம் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

சூரமங்கலம்: தங்கை மகன் கொச்சியில் ஒரு பாய்மரப் படகைப் பராமரிக்கிறான். கைப்பிடிக் கம்பி நிற்கும் இடத்தில் கேபினுக்குள் கசிகிறதாம். இதே முறைதானா?

தேடுவது இதே முறை. அங்கே இன்னொரு நல்ல வழியும் உண்டு. ஜன்னல், மூடி எல்லாவற்றையும் டேப் ஒட்டி அடைத்து, ப்ளோயரால் கேபினுக்குள் மெதுவாகக் காற்று ஏற்றி, மேலே ஒவ்வொரு போல்ட்டிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால், ஓட்டை உள்ள இடத்தில் நுரை கிளம்பும்.

ஆனால் ஆபத்து அங்கே பெரிது. பல படகுகளின் மேல்தளம் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பால்சா என்னும் லேசான மரம் வைத்தது. போல்ட் ஓட்டை வழியாக இறங்கும் தண்ணீர் கேபினுக்குள் சொட்டுவதற்கு முன்பே அந்த மரத்தை ஊற வைத்து அழுக்கிவிடும். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், ஊறிய இடம் மொத்தென்று கேட்கும். சுற்றிலும் மரம் நன்றாக இருந்தால் போல்ட்டைக் கழற்றி, ஓட்டையைப் பெரிதாக்கி, நடுவிலுள்ள மரத்தைச் சுரண்டி எடுத்து, காய்ந்தபின் கெட்டியான எபாக்ஸிப் பிசின் நிரப்ப வேண்டும். அது இறுகியதும் சரியான அளவில் மறுபடி துளைத்து, வாய்ப்பகுதியைச் சற்றுச் சரித்துவிட வேண்டும். அந்தச் சரிவில் பியூட்டைல் உட்காரும். இறுக்கும்போது மேலே போல்ட் தலையை அசையாமல் பிடித்து, கீழே நட்டை மட்டும் திருப்ப வேண்டும், போல்ட் சுழன்றால் அடைப்பு கிழியும். ஒரே நாளில் முழுக்க இறுக்காமல், சில நாள் விட்டு விட்டு இறுக்கட்டும். கழற்றிய எவர்சில்வர் போல்ட்டின் நடுப்பகுதியை லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காற்றுப் படாமல் உப்புத் தண்ணீரில் ஊறினால் எவர்சில்வரும் குழி விழுந்து அரிக்கும். குழி இருந்தால் புதிது போட வேண்டும், உப்புத் தண்ணீரை அதிகம் தாங்கும் 316 கிரேடு எவர்சில்வரில்.

தாரமங்கலத்திலிருந்து ஒரு பெரியவர்: தம்பி, பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் ஏறி நானே போல்ட் மாற்றலாமா?

வேண்டாம் அய்யா. பழைய ஷீட் பார்க்க உறுதியாக இருக்கும், பர்லின் இல்லாத இடத்தில் கால் வைத்தால் அப்படியே உடையும். ஏறுகிறவர் பர்லின்களின் குறுக்கே பலகை போட்டு அதன்மேல் மட்டும் நடக்க வேண்டும், இடுப்பில் கயிறும் கட்டியிருக்க வேண்டும். காய்ந்த ஷீட்டைத் துளைப்பதோ, உப்புத்தாள் தேய்ப்பதோ, துடைப்பத்தால் பெருக்குவதோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. நனைத்துவிட்டு, பழைய ஓட்டையிலேயே கொக்கி மாதிரி வளைந்த புதிய ஜே போல்ட்டும் பிட்டுமன் (தார்) வாஷரும் போடச் சொல்லுங்கள்.