மாரடைப்புக்கு ஊசி போட்டதும் இதயத் துடிப்பு ஏன் தாறுமாறாகிறது?

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் மானிட்டரில் அப்பாவின் துடிப்பு மாறியது, ஊசி ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. அடைபட்ட ரத்தக்குழாய் திறந்து, பட்டினி கிடந்த தசைக்குத் திடீரென ரத்தம் பாயும்போது, இதயத்தின் கீழறை தன்னிச்சையாக நிமிடத்துக்கு 60 முதல் 110 முறை வரை துடிக்கத் தொடங்கலாம். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் பொதுவாகத் தானே அடங்கிவிடும், மருந்துகூடத் தேவைப்படாது. உங்கள் அப்பாவுக்கு வந்தது இதுதானா என்று ஈசிஜி தாளைப் பார்த்து டாக்டர் சொல்லிவிடுவார்.

உண்மையில் அஞ்ச வேண்டியது, கீழறை துடிக்காமல் வெறுமனே நடுங்குவது. ரத்த ஓட்டம் உடனே நின்றுவிடும். வலி தொடங்கிய முதல் சில மணி நேரத்தில்தான் இந்த ஆபத்து மிக அதிகம். ஷாக் கருவி தயாராகும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்து, தாமதமில்லாமல் மின்சார ஷாக் கொடுக்க வேண்டும். மானிட்டரைக் கழற்றாமல் வைத்திருப்பதே இதற்காகத்தான்.

இதயத்தின் அடிப்பக்கம் பாதிக்கப்பட்டால் துடிப்பு மிகவும் குறையலாம். அதற்குத் துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் ஊசி, சிலருக்குத் துடிப்பைத் தூண்டும் தற்காலிக பேஸ்மேக்கர் கருவி.

அப்புறம் ஒன்று. சென்னையில் இன்னமும் நெஞ்சுவலிக்காரரை ஆட்டோவில் ஏற்றி அண்ணா சாலை நெரிசலில் மாட்டிக்கொள்கிறார்கள். தயவுசெய்து 108ஐ அழையுங்கள். வழியில் துடிப்பு நின்றால், பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருப்பார்.