போர்டிங் ஸ்கூல் இன்டர்வியூவில் என்னதான் பார்க்கிறார்கள்?

ஊட்டிப் பக்கம் ஒரு உறைவிடப் பள்ளியில் ஆறு வருஷம் அட்மிஷன் மேஜையில் உட்கார்ந்திருந்தவன் நான் என்று போன முறை இந்த நுகர்வோர் கேள்வி-பதில் பகுதியில் வாய் தவறி எழுதிவிட்டேன். வழக்கமாக வரும் மிக்ஸி வாரண்டி, சீட்டுக் கம்பெனி கேள்விகளெல்லாம் ஒதுங்கிக்கொண்டு, இந்த முறை வந்தவை பெரும்பாலும் பள்ளிக் கடிதங்கள்தான். சரி, அதையே பார்த்துவிடுவோம்.

கேள்வி: என் மகன் வகுப்பில் எப்போதும் முதல் ரேங்க். நீலகிரியில் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதினான், இன்டர்வியூவும் முடிந்தது. இடம் இல்லை என்றுவிட்டார்கள். அதே வகுப்பில் பத்தாவது ரேங்க் எடுக்கும் பையனுக்குக் கிடைத்திருக்கிறது. எதை வைத்துத்தான் எடை போடுகிறார்கள்? (வாசகி, கரூர்)

பதில்: மார்க்குக்கு முன்னால் கட்டிலைப் பாருங்கள். உறைவிடப் பள்ளியில் இடம் என்றால் வகுப்பில் ஒரு பெஞ்சு மட்டும் இல்லை, ஹாஸ்டலில் ஒரு கட்டிலும் வேண்டும். பையன்கள் பக்கம் இருபது கட்டில் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அங்கே படிப்பவர்களின் தம்பிகள், பழைய மாணவர்களின் பிள்ளைகள், ஆசிரியர்களின் பிள்ளைகள் எல்லாம் போக மீதிதான் வெளியாருக்கு. பெண்கள் ஹாஸ்டலில் நாலு கட்டில் சும்மா கிடந்தாலும் உங்கள் பையனுக்குப் பிரயோஜனம் இல்லை. அந்தப் பத்தாவது ரேங்க் பையனின் அண்ணன் அங்கே படிக்கிறானா என்று விசாரித்துப் பாருங்கள். பாதிக் கேள்விக்கு விடை அதிலேயே இருக்கலாம்.

அடுத்தது தேர்வு. அது வடிகட்டிதான். வகுப்பில் பின்தங்கிவிடக்கூடிய பிள்ளையை நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். கணக்கில் விடையைவிட வழியைத்தான் நாங்கள் பார்ப்போம். ஆங்கிலத் தாளில் கட்டுரைதான் எங்களுக்குத் தீனி. ஒரு வருஷம் ‘மறக்க முடியாத மனிதர்’ என்று தலைப்புக் கொடுத்தோம். நாலு பிள்ளைகள் ஒரே தாத்தாவைப் பற்றி எழுதியிருந்தார்கள். கொல்லையில் மாங்கன்று நட்டு, அது காய்த்த வருஷமே இறந்துபோன தாத்தா. நாலு பேரும் ஒரே கோச்சிங் சென்டர். அதில் ஒரு பையனின் தாத்தா, மங்கி குல்லா போட்டுக்கொண்டு, எங்கள் ஆபீஸ் வராந்தாவிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அதே தலைப்புக்கு ஒரு பெண் எழுதியது ஏழே வரி. எழுத்துப் பிழை நிறைய. அவள் அப்பா ராத்திரி தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தம் இருக்கும்வரை தூங்குவாள், கரண்ட் போய்ச் சத்தம் நின்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள் என்று எழுதியிருந்தாள். அந்தத் தாளை மேஜையில் இருந்த மூன்று பேரும் இரண்டு தடவை படித்தோம். அவளுக்கு இடம் கிடைத்தது.

பிள்ளையிடம் பேசும்போது பொது அறிவெல்லாம் கேட்பதில்லை. காலையில் யார் எழுப்பிவிடுவார்கள்? பிடிக்காத காய் தட்டில் விழுந்தால் என்ன செய்வாய்? சினேகிதனோடு சண்டை வந்தால் யார் முதலில் பேசுவது? இதற்கெல்லாம் சரியான பதில் என்று ஒன்று கிடையாது. முப்பது பேர் படுக்கிற அறையில், அம்மா இல்லாத இடத்தில், இந்தப் பிள்ளை முதல் மூன்று வாரத்தைத் தாண்டுமா என்பதுதான் உள்ளே ஓடுகிற கேள்வி. ‘நீ ஏன் இங்கே வருகிறாய்?’ என்றால் ‘அப்பா சொன்னார்’ என்பார்கள். அதில் தப்பில்லை, உண்மைதானே. ‘சரி, உனக்கு?’ என்று அடுத்து கேட்கும்போது கண் கலங்கினால், ஃபைலில் ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று எழுதிவிடுவேன். வீட்டுக்குப் போகும் கடிதத்தில் அது ‘இடம் இல்லை’ என்றுதான் இருக்கும். உங்கள் மகனுக்கு நடந்தது இதுதானா என்று எனக்குத் தெரியாது. முதல் ரேங்க் பிள்ளைகளுக்கு இப்படி நடப்பதை நிறையவே பார்த்திருக்கிறேன்.

அப்புறம் நீங்கள். பிள்ளை ஒரு அறையில் இருக்கும்போது பெற்றோர் இன்னொரு அறையில் இருப்பார்கள். அதுவும் இன்டர்வியூதான், யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆந்திராவில் மதனப்பள்ளி அருகிலுள்ள ரிஷி வேலி உறைவிடப் பள்ளி மாதிரி இடங்களில் பெற்றோரோடு பேசுவதும் சேர்க்கையில் ஒரு முக்கியமான பங்கு. ஃபைலை மூடவைக்கிற வாக்கியம் ஒன்று உண்டு: ‘வீட்டில் சொன்ன பேச்சு கேட்பதில்லை சார், மொபைலும் கையுமாகவே இருக்கிறான், நீங்கள்தான் திருத்தித் தரணும்.’ பள்ளி அதற்கான இடம் இல்லை. அப்பா போகச் சொல்கிறார், அம்மா வாயே திறக்கவில்லை என்றாலும் யோசிப்போம். அந்தப் பிள்ளை தீபாவளி லீவுக்குப் போனால் திரும்பி வராது. ஆங்கிலம் தடுமாறுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எங்கள் மேஜையில் தமிழில் பேசியதற்காக யாருக்கும் மார்க் குறைந்ததில்லை. எல்லா மேஜையும் அப்படியா என்று கேட்டால், இல்லை.

பணம் பற்றியும் மறைக்க வேண்டாம். ஏழெட்டு வருஷம் தடையில்லாமல் ஃபீஸ் கட்ட முடியுமா என்று கணக்குப் போடாத தனியார் பள்ளி கிடையாது. தொழில் என்ன என்று விண்ணப்பத்தில் கேட்பது அதற்கும்தான்.

கடைசியாகக் காகிதங்கள். ரேங்க் கார்டில் மார்க்கைப் புரட்டிவிட்டு, கீழே டீச்சர் எழுதிய ஒரு வரியையும் வருகைப் பதிவையும் பார்ப்பார்கள். மருத்துவப் படிவத்தில் வீசிங், படுக்கையில் சிறுநீர், வலிப்பு எதையும் மறைக்காதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூச்சுத் தொல்லை உள்ள பிள்ளைக்கு டிசம்பர் ராத்திரி விளையாட்டில்லை. சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு பையனின் ஸ்வெட்டர் பாக்கெட்டில் வார்டன் இன்ஹேலரைக் கண்டெடுத்தார். ‘யாரிடமும் காட்டாதே’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எழுதியிருந்தால் நர்ஸுக்குத் தகவல் போயிருக்கும், கட்டிலை ஜன்னலைவிட்டுத் தள்ளிப் போட்டிருப்போம், அவ்வளவுதான் விஷயம்.

கேள்வி: ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். ‘மேனேஜ்மென்ட்டில் ஆள் இருக்கிறது, இடம் கிடைக்காவிட்டால் பணம் வாபஸ்’ என்கிறார். ரசீது மட்டும் தர மாட்டாராம். நம்பலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: வேண்டாம். இந்தத் தொழிலின் சூத்திரம் ரொம்ப எளிது. பத்துப் பேரிடம் பணம் வாங்குவார். அதில் மூன்று பிள்ளைகள் சொந்தத் திறமையில் தேறிவிடும். அந்த மூன்று பேர் பணம் அவருக்கு. மீதி ஏழு பேருக்கு ‘செலவு’ என்று கொஞ்சம் பிடித்துக்கொண்டு திருப்பித் தருவார், அவர்களும் நல்ல மனுஷன் என்பார்கள். அவர் பள்ளி வாசலைக்கூட மிதித்திருக்க வேண்டியதில்லை.

பள்ளியே ரசீதில்லாமல் நன்கொடை கேட்டால் அது வேறு வழக்கு. தமிழ்நாட்டில் கட்டாய நன்கொடைக்கு எதிராக 1992லிருந்தே தனிச் சட்டம் உண்டு. ஏற்கெனவே ஏஜென்ட்டிடம் பணம் கொடுத்திருந்தால் வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் ‘குறுக்கு வழியில் இடம் வாங்கித் தரப் பணம் கொடுத்தேன்’ என்று நுகர்வோர் மன்றத்தில் போய் நிற்பது உங்களுக்கும் சங்கடம்தான், சொல்லிவிட்டேன்.

கேள்வி: சேர்க்கைக்குப் பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறதே? (வாசகர், மதுரை)

பதில்: இருக்கிறது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. நன்கொடை வாங்கினால் அந்தத் தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை, அதற்குப் பின் ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாய் வரை. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. மலைமேல் இருக்கிற பள்ளிகளில் சிறுபான்மையினர் நடத்துபவையும் உண்டு என்பதை மனதில் வையுங்கள்.

மற்ற பள்ளிகளும் தேர்வு வைக்கத்தான் செய்கின்றன. இன்டர்வியூ என்கிற பெயரை மட்டும் மாற்றி ‘இன்டராக்‌ஷன்’ என்கிறார்கள். என் மேஜைக்கும் அந்தப் பெயர்தான், இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. புகார் செய்ய நினைத்தால் கல்வி அதிகாரிக்கோ, மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கோ எழுதலாம். புகார் கொடுத்த பள்ளியிலேயே பிள்ளையைச் சேர்த்து ஹாஸ்டலில் விட்டுவர மனசு வருமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: அவ்வளவு ஃபீஸ் கட்ட வசதி இல்லை. மகனை உடுமலைப்பேட்டை சைனிக் பள்ளியில் (ராணுவத்துக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் உறைவிடப் பள்ளி) சேர்க்க ஆசை. அங்கேயும் இப்படித்தான் ஆளைப் பார்த்து எடுப்பார்களா? மத்திய அரசின் நவோதயா உறைவிடப் பள்ளி கிடைக்குமா? (வாசகர், தேனி)

பதில்: இல்லை. 1962இலிருந்து அமராவதிநகரில் நடக்கிற அந்தப் பள்ளியில், தாத்தா கதைக்கெல்லாம் வேலையே இல்லை. அகில இந்தியத் தேர்வு, மார்க் பட்டியல், மருத்துவப் பரிசோதனை, முடிந்தது. இன்டர்வியூ கிடையாது.

ஆறாம் வகுப்புக்கு மொத்தம் 125 கேள்வி, 300 மார்க். இதில் கணக்கு மட்டும் 150. மீதி மொழி, பொது அறிவு, நுண்ணறிவு, தலைக்கு 50. ஒவ்வொரு பாடத்திலும் 25 சதவீதம், மொத்தத்தில் 40 சதவீதம் வேண்டும் (எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு இந்தக் குறைந்தபட்ச அளவு இல்லை). தமிழிலேயே எழுதலாம். ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் மட்டும்தான். சேருகிற வருஷம் மார்ச் 31 அன்று பிள்ளைக்கு 10 முதல் 12 வயதுக்குள் இருக்க வேண்டும். 67 சதவீத இடங்கள் அந்தந்த மாநிலப் பிள்ளைகளுக்கு. பெண் பிள்ளைகளையும் 2021-22 கல்வியாண்டிலிருந்து சேர்க்கிறார்கள்.

மகனுக்கு எங்கே நேரம் செலவழிப்பது என்று கேட்டால், கணக்கில்தான். பாதி மார்க் அங்கே இருக்கிறது. கண் பரிசோதனையை இப்போதே ஒரு தடவை செய்துவிடுங்கள், தேர்வில் தேறியும் மருத்துவத்தில் நிற்கிற பிள்ளைகள் உண்டு. நவோதயாவையும் கேட்டிருந்தீர்கள். மும்மொழிக் கொள்கைச் சிக்கலால் தமிழ்நாட்டில் ஒன்றுகூடக் கிடையாது.

கேள்வி: ஜூனில் மகளைச் சேர்த்தோம். மூன்றே வாரத்தில் அழுது அழுது காய்ச்சல் வந்து அழைத்து வந்துவிட்டோம். வருஷ ஃபீஸ் முழுவதும் கட்டியாகிவிட்டது. திரும்பக் கிடைக்குமா? நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாமா? (வாசகி, நாமக்கல்)

பதில்: முதலில் குழந்தை எப்படி இருக்கிறாள்? ஃபீஸை அப்புறம் பார்க்கலாம்.

நுகர்வோர் மன்றம் இப்போதைக்குக் கடினம். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியில் சொன்னது. கோச்சிங் சென்டர்கள் வரும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது.

ஆகவே கையெழுத்துப் போட்ட சேர்க்கைப் படிவத்தை எடுங்கள். விலகுவது பற்றி ஒரு பத்தி இருக்கும். பல பள்ளிகளில், ஒரு பருவத்துக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பருவத்துக் கட்டணம் போச்சு என்றுதான் போட்டிருப்பார்கள். பதிவுக் கட்டணமும் சேர்க்கைக் கட்டணமும் பொதுவாக வராது. காப்புத் தொகை வர வேண்டும், அதை விடாதீர்கள். இன்னும் தொடங்காத பருவங்களுக்குக் கட்டியதையும், சாப்பாட்டுச் செலவையும், துணி கைச்செலவுக்கென்று முன்பணமாக வாங்கியதில் மிச்சத்தையும் தனித்தனி வரியாக எழுதிக் கேளுங்கள். ‘மொத்தத்தையும் கொடுங்கள்’ என்று எழுதினால் அக்கவுன்ட்ஸ் ஆபீஸ் ஒரே வரியில் இல்லை என்றுவிடும். டாக்டர் சீட்டின் நகலையும் இணையுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். டி.சி. வாங்குவதற்குமுன் அனுப்பிவிடுவது நல்லது.