பெயர்ச்சீட்டு இல்லாத கேக்டஸ்: வாசகர் கேள்வி பதில்

மொட்டை மாடியில் இருபது கேக்டஸ் தொட்டிகள் சேர்ந்துவிட்டன. எதிலும் பெயர்ச்சீட்டு இல்லை. நர்சரியில் கேட்டால் "எல்லாம் கேக்டஸ்தாங்க" என்கிறார்கள். எது என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, சேலம்

முதலில், இருபதும் கேக்டஸ்தானா என்று பிரித்துவிடுங்கள். முள் எங்கிருந்து புறப்படுகிறது என்று கிட்டே வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முள்கொத்துக்கும் அடியில் பஞ்சு வைத்ததுபோல் சின்ன மெத்தை ஒன்று இருந்தால் அது கேக்டஸ். அந்த மெத்தைக்கு ஏரியோல் என்று பெயர். மெத்தையே இல்லாமல், தண்டின் தோலிலிருந்தே இரண்டிரண்டாக முள் கிளம்பியிருந்தால் அது பெரும்பாலும் யூஃபோர்பியா. நம் ஊர் சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் அந்த இனம்தான். வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளிதான் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அசல் கேக்டஸ். பால் வடிகிறதா என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், மாமில்லேரியா கேக்டஸ் சிலவற்றிலும் பால் வரும். யூஃபோர்பியா பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால், கத்தி வைக்கும்போது கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

அடுத்து உடம்பைப் பாருங்கள். மேலிருந்து கீழாக வரப்புகள் ஓடாமல், தனித்தனிக் குமிழ்கள் சுருள்சுருளாக அடுக்கியிருந்து, உச்சிக்குச் சற்றுக் கீழே கிரீடம்போல் சின்னச் சின்னப் பூக்கள் வந்தால் மாமில்லேரியா. வரப்பு இருந்து, ஒவ்வொரு ஏரியோலுக்கும் கீழே மோவாய்போல் ஒரு புடைப்பு தெரிந்து, மொட்டும் முடியில்லாமல் வழுவழுப்பாக இருந்தால் ஜிம்னோகேலிசியம். மொட்டு நீண்ட குழலாக, முடி போர்த்திக்கொண்டு பக்கவாட்டில் கிளம்பி, இருட்டும் நேரத்தில் விரிந்தால் எக்கினாப்சிஸ். தோலெங்கும் கோலமாவு தெளித்ததுபோல் வெண்புள்ளிகள் என்றால் அநேகமாக ஆஸ்ட்ரோஃபைட்டம்.

பலரும் தவறுவது கோல்டன் பேரல் என்ற உருண்டைக் கேக்டஸில். நன்கு வளர்ந்த செடியில் வரப்பும் மஞ்சள் முள்ளும் பளிச்சென்று தெரியும். எலுமிச்சை அளவுக் குட்டியிலோ வரப்பு உருவாகியிருக்காது, வெறும் குமிழ்கள்தான். அதைப் பார்த்து மாமில்லேரியா என்று எழுதிவிடுவார்கள். சிறு செடிகளுக்குப் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். இனத்துக்குள் எந்த வகை என்று சொல்லப் பூ வேண்டும். நர்சரிச் செடிகளில் கலப்பினமும் நிறைய. அதனால் 'ஜிம்னோகேலிசியம்' என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மையான பெயர்ச்சீட்டு.

அதுவரை எண் கொடுங்கள். '25-07' என்றால் 2025இல் வாங்கிய ஏழாவது செடி. நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே வாங்கிய இடம், வரப்பு எத்தனை, ஒரு ஏரியோலில் நடுமுள் எத்தனை, சுற்றுமுள் எத்தனை, பூத்த மாதம், பூ விரிந்த நேரம், நிறம் என்று எழுதி வையுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று என இரண்டு படம், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள். பெயர்ச்சீட்டில் மார்க்கர் மை நம் வெயிலுக்குச் சீக்கிரமே வெளுத்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும்.

வாங்கும்போதே உச்சியில் இருந்த மஞ்சள் பூ மூன்று மாதமாகியும் வாடவில்லை. இது என்ன வகை?
– வாசகர், ஈரோடு

அது பசையால் ஒட்டிய உலர்பூ. விரலால் தொட்டால் காகிதம்போல் சரசரக்கும். அசல் கேக்டஸ் பூ பெரும்பாலும் சில நாள்தான் நிற்கும். இந்தப் பூவை வைத்து வகை தேடாதீர்கள். பிடுங்கினால் தோல் கிழிந்து அந்த வழியே அழுகல் புகும். இதழ்களை மட்டும் கத்தரித்துவிட்டுப் பசையை அப்படியே விட்டுவிடுங்கள். செடி பெருக்கப் பெருக்க அது தானே தளரும்.

சிவப்புப் பந்து உருண்டையாக மேலே, பச்சைத் தண்டு கீழே. பந்து சுருங்குகிறது, தண்டு நன்றாக இருக்கிறது. காப்பாற்ற முடியுமா?
– வாசகி, தஞ்சாவூர்

இது மூன் கேக்டஸ், இரண்டு செடிகளின் ஒட்டு. மேலே இருப்பது பச்சையமே இல்லாத ஜிம்னோகேலிசியம். சொந்தமாக உணவு தயாரிக்க முடியாததால் தனியே வேர்பிடிக்க வைத்தாலும் பிழைக்காது. கீழே உள்ள முப்பட்டைத் தண்டு பெரும்பாலும் டிராகன் பழக் கொடிதான். பந்து கெட்டியாக இருந்தால், பக்கத்தில் முளைத்த குட்டியை எடுத்துப் புதிய முப்பட்டைத் தண்டில் ஒட்டலாம். இரண்டு வெட்டுமுகத்திலும் நடுவே தெரியும் வளையங்கள் ஒரு இடத்திலாவது ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். ரப்பர் பேண்டால் தொட்டியோடு சேர்த்து இழுத்துக் கட்டி, பத்து நாள் நிழலில் வையுங்கள். பந்து மென்மையாகிவிட்டால் வெட்டி எறியுங்கள். தண்டு டிராகன் பழக் கொடியாகத் தழைக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வருஷா வருஷம் நாலைந்து செடி அடியில் அழுகிப் போகிறது. தண்ணீர் குறைவாகத்தான் ஊற்றுகிறேன். தவறு எங்கே?
– வாசகர், சென்னை

பெரும்பாலும் தவறு ஊற்றும் அளவில் இல்லை, மண்ணில் இருக்கிறது. நர்சரியிலிருந்து வரும் செடியின் வேரைச் சுற்றிக் கோகோபீட் (தென்னைநார்த் தூள்) இருக்கும். அது மேலே காய்ந்து, உள்ளே நாள்கணக்கில் ஈரம் பிடித்து வைக்கும். பெரிய தொட்டிக்கு மாற்றும்போது அந்தக் கட்டியோடு நட்டுவிடுகிறோம்.

வாங்கியதும் ஒரு வாரம் தண்ணீர் விடாமல் காயவைத்து, கோகோபீட் முழுவதையும் உதிர்த்துவிடுங்கள். கருத்த வேர்களை வெட்டிவிட்டு நான்கு நாள் நிழலில் வையுங்கள். கலவைக்கு, 3 முதல் 5 மி.மீ. கல்சிப்ஸ் அல்லது உடைத்த செங்கல் இரண்டு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, செம்மண்ணும் மக்கிய இலையுரமும் சேர்ந்து ஒரு பங்கு. எம்-சாண்ட் போடுவதானால் சலித்துக் கழுவித் தூளை நீக்குங்கள். அந்தத் தூள் சிமென்ட் பால்போல் இறுகித் துளையை அடைத்துவிடும். தொட்டி செடியைவிட ஓர் அங்குலம் அகலமாக இருந்தால் போதும். நட்ட பிறகு ஒரு வாரம் கழித்தே முதல் தண்ணீர். அதன்பின், கலவை அடிவரை காய்ந்ததும் துளை வழியே ஒழுகும்வரை ஊற்றுங்கள். தினம் ஒரு ஸ்பூன் என்று ஊற்றுவதுதான் கெடுதல். வடகிழக்குப் பருவமழை முடியும்வரை மேலே ஒளி ஊடுருவும் ஷீட் கட்டாயம், பக்கங்களில் காற்று ஓடவேண்டும்.

அடி அழுகினாலும் தலையைக் காப்பாற்றலாம். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் நல்ல பகுதியில் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வெளிர்ச்சதையின் நடுவே ஒரு வட்டம் தெரியும், அதுதான் தண்ணீர் ஏறும் குழாய். அந்த வட்டத்தில் குண்டூசித் தலை அளவு பழுப்புப் புள்ளி இருந்தாலும் அழுகல் அந்தக் குழாய் வழியே மேலே ஏறியிருக்கிறது என்று பொருள். கத்தியை மறுபடி துடைத்து அரை சென்டிமீட்டர் மேலே வெட்டுங்கள். வட்டம் முழுக்கச் சுத்தமாகும்வரை இப்படியே போகவேண்டும். 'இவ்வளவுதானே' என்று இங்கே விட்டுவிட்டால் பத்தே நாளில் மீதியும் போய்விடும். பிறகு கந்தகத் தூள் தடவி, இரண்டு வாரம் நிழலில் காயவிட்டு, உலர்ந்த கலவைமேல் வையுங்கள். வேர் எட்டிப் பார்த்தபின் தண்ணீர்.

எங்கள் வீட்டு பிரம்மகமலம் கேக்டஸ் என்கிறார் தோழி. உண்மையா? அதையும் வெயிலில் வைக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

உண்மைதான். இலை என்று நாம் நினைப்பது தட்டையான தண்டு, பெயர் எபிஃபில்லம். ஆனால் இது பாலைவனத்துச் செடி அல்ல, காட்டு மரக்கிளைகளில் தொற்றி வளர்வது. முழு வெயிலில் மஞ்சளாகிக் கருகும். மரநிழல், இலையுரம் அதிகமான கலவை, மேல்மண் காய்ந்ததும் தண்ணீர் என்று வளருங்கள்.

மற்ற கேக்டஸுக்கும் உடம்பே வழிகாட்டும். வெண்முடியும் அடர்முள்ளும் போர்த்தியது நல்ல வெயில் கேட்கும். முள் குறைந்து பச்சைத்தோல் தெரியும் ஜிம்னோகேலிசியத்துக்கு ஏப்ரல், மே மதியத்தில் 50 சதவீத நிழல்வலை வேண்டும். எதையும் நிழலிலிருந்து ஒரே நாளில் வெயிலுக்கு மாற்றாதீர்கள், இரண்டு வாரம் படிப்படியாக நகர்த்துங்கள். வெயில் சுட்ட தழும்பு மறையாது.

முள்ளுக்கிடையில் வெள்ளைப் பஞ்சு. ஏரியோலா, பூச்சியா?
– வாசகர், கோவை

ஏரியோல் பஞ்சு எல்லா முடிச்சிலும் ஒரே அளவில், ஒரே ஒழுங்கில் இருக்கும். பூச்சி அங்கங்கே திட்டாக, குமிழ்களின் இடுக்கில் இருக்கும். குச்சியால் நசுக்குங்கள். அடர்சிவப்புச் சாறு வந்தால் கோச்சினீல். சப்பாத்திக்கள்ளி இனத்தில் வருவது, ஒரு காலத்தில் துணிக்குச் சாயம் எடுத்த பூச்சி. அப்படிச் சிவக்காவிட்டால் மாவுப்பூச்சி. இரண்டுக்கும் ஸ்பிரிட் நனைத்த பிரஷ்தான் முதல் வைத்தியம், வாரம் ஒருமுறை, நான்கு வாரம். கூடவே செடியைத் தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள். தொட்டியின் உட்சுவரில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் வேரிலும் பூச்சி இருக்கிறது, மண் முழுவதையும் மாற்றியாக வேண்டும்.