ரவிக்கையிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

திருச்சி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் வேதியியல் துறையில் சேர்ந்திருக்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை சேலை கட்டாயம். சனிக்கிழமை சுடிதார் போடலாம். பீரோவைத் திறந்தால் சேலைகள் சரிந்து விழுகின்றன, ஆனால் காலையில் கட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. பாதி கல்யாணத்துக்கு வந்தவை, மீதி ஆன்லைன் ஆஃபரில் வாங்கிய ஜார்ஜெட். குழந்தை பிறந்த பிறகு பழைய ரவிக்கை எதுவும் சேரவில்லை. என்றைக்கும் பழசாகாத உடைகள் எவை என்று தேடினால் வெள்ளைச் சட்டை, கறுப்பு கவுன், ட்ரெஞ்ச் கோட் என்று பட்டியல் வருகிறது. நமக்கு அப்படி ஏதாவது உண்டா? இன்னொன்று: அம்மாவின் முகூர்த்தப் பட்டு மடிப்பு மடிப்பாக இற்றுக் கிடக்கிறது. பழைய ஜரிகை வாங்குபவர் விலை கேட்டுவிட்டுப் போனார். கொடுத்துவிடட்டுமா?

பெயர் வெளியிட வேண்டாம், திருச்சி.

அன்புள்ள தங்கைக்கு,

அந்தப் பட்டியல் அந்த ஊர்க் குளிருக்கும் அந்த ஊர் அலுவலகத்துக்கும் போட்டது. 1926ல் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேலின் எளிய கறுப்பு உடையை வோக் என்ற ஃபேஷன் இதழ் வெளியிட்டபோது அதை ஃபோர்டு காரோடு ஒப்பிட்டது, எல்லோருக்குமான உடை என்ற பொருளில். நம் ஊரில் அந்த வேலையை நூல் சேலை அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே செய்துவருகிறது. சேலையை யாருக்காகவும் வெட்டுவதில்லை, அதனால் அதற்கு அளவும் இல்லை. கல்யாணத்துக்கு முன், பிரசவத்துக்குப் பின், ஐம்பது வயதில், எப்போதும் அதே ஐந்தரை மீட்டர்தான். கொசுவத்தில் ஒரு மடிப்பு கூடும் அல்லது குறையும். உங்கள் பீரோவில் உங்களைக் கைவிட்டது ரவிக்கைதான். அங்கிருந்தே தொடங்குங்கள்.

ஒவ்வொரு சேலையோடும் வரும் ஓரத் துணியை அந்தச் சேலைக்கென்றே தைத்துக்கொண்டே போனால் இந்தத் தொல்லை தீராது. கறுப்பு, அரக்கு, சந்தன நிறம், கருநீலம் என்று நாலு நிறத்தில் நல்ல பருத்தித் துணி எடுத்துத் தையுங்கள். உங்கள் சேலைகளில் முக்கால்வாசிக்கு இவை போதும். டெய்லரிடம் இரண்டு விஷயம் விடாமல் சொல்லுங்கள். பக்கத் தையலில் உள்ளே ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலமாவது துணி விட வேண்டும். உடம்பு கூடினால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். லைனிங் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே லைனிங் சுருங்கி, மேல்துணி முதுகில் பொம்மிக்கொண்டு நிற்கும். சேலைக்கு வைக்கும் ஃபால்ஸுக்கும் இதே கதைதான். அடிக்கரை அலை அலையாக நெளிகிற சேலைகளில் பெரும்பாலும் சேலைமேல் குற்றம் இருக்காது, நனைக்காத ஃபால்ஸ்தான் காரணம்.

இனி சேலை. செலவழிக்கிற பணத்தில் பெரும்பங்கு தினசரிச் சேலைக்கே போகட்டும் என்பேன். நம் வீடுகளில் நேர் எதிராக நடக்கிறது. வருஷத்துக்கு இரண்டு நாள் கட்டும் பட்டுக்கு இருபதாயிரம், நாள் முழுக்க நின்று பாடம் நடத்தக் கட்டுவதற்கு எண்ணூறு. எனக்கு இது மனசு ஒப்பவே இல்லை. உங்கள் வேலைக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. ஆய்வகத்தில் பர்னர் பக்கத்தில் நிற்கிறீர்கள். பாலியெஸ்டர் ஜார்ஜெட்டில் தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியும், ஆனால் உருகி ஒட்டாது. எதைக் கட்டினாலும் முந்தானையை இழுத்துச் செருகிப் பின் குத்திக்கொண்டு உள்ளே போங்கள்.

முதலில் ஒரு காரைக்குடிக் கண்டாங்கி. அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பில் பெரிய கட்டங்கள், அகலக் கரை. 2019ல் புவிசார் குறியீடு பெற்றது. வாங்கிய புதிதில் கையில் கனமாக, கொஞ்சம் முரடாக இருக்கும். நாலைந்து சலவைக்குப் பிறகு அதன் மென்மை தெரிய ஆரம்பிக்கும். கஞ்சி கேட்காது. காலையில் குழந்தையையும் பார்த்துக்கொண்டு கிளம்புகிறவருக்கு அது பெரிய வரம். முதல் சலவையில் சாயம் இறங்கலாம், கல்லுப்புப் போட்ட தண்ணீரில் தனியாக அலசுங்கள்.

அடுத்தது மதுரைச் சுங்குடி, துணியில் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்த்துப் புள்ளி எடுக்கும் பருத்திச் சேலை. கோடைக்கு அதைவிட இதமானது எனக்குத் தெரியாது. இன்று கடையில் கிடைப்பதில் நிறைய, புள்ளியை அச்சடித்தவை. கையால் முடிச்சுப் போட்டதா என்று பார்க்க, புள்ளிமேல் விரலை ஓட்டுங்கள். முடிச்சு இருந்த இடம் சின்ன மொட்டுப் போலப் புடைத்து நிற்கும், வட்டங்களும் ஒன்றுபோல் ஒன்று இராது. அச்சுப் புள்ளி தட்டையாக, எண்ணி வைத்தாற்போல் இருக்கும். இஸ்திரி போட்டு அந்தப் புடைப்பை நசுக்கிவிடாதீர்கள். துறைக் கூட்டம், கருத்தரங்கு மாதிரி நாட்களுக்குப் பட்டும் பருத்தியும் கலந்த கோவை கோரா ஒன்று இருந்தால் போதும்.

இருக்கும் ஜார்ஜெட்டைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். ஐப்பசி மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் நாளில் அதுதான் சீக்கிரம் காயும். சனிக்கிழமைச் சுடிதாருக்கு, முழங்காலுக்குக் கீழே இறங்கும் நேர் வெட்டுக் குர்தாவும் வெள்ளை, கறுப்பு பருத்தி பேண்ட்டும் எந்த வருஷமும் சரியாக இருக்கும். செட்டாக வாங்காதீர்கள், ஒன்று நைந்தால் மூன்றும் வீண்.

அம்மாவின் பட்டைக் கொடுக்காதீர்கள். ஜரிகை வாங்குபவர் விலை கேட்டது வெள்ளிக்காக. அசல் ஜரிகை என்பது மெல்லிய வெள்ளி இழையைப் பட்டு நூல்மேல் சுற்றித் தங்க முலாம் பூசியது. போலியாக இருந்திருந்தால் இத்தனை அக்கறையாக விசாரித்திருக்க மாட்டார். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டில் பட்டு இற்றுவிடும். சேலையின் உடல் போனாலும் கரையும் முந்தானையும் நன்றாக இருக்கக்கூடும். அது கோர்வைச் சேலையானால் கரை தனி நிறத்தில், ஊடு இழைக்கு இழை உடலோடு கோத்து நெய்யப்பட்டிருக்கும். தறியில் இதற்கென்றே துணைக்கு ஓர் ஆள் உட்கார வேண்டும். அத்தனை உழைப்பை உருக்குவதற்குக் கொடுப்பானேன்? கரையை ஒரு விரல் அளவு உடல் துணியோடு சேர்த்து வெட்டி, கரையில்லாத புதுப் பட்டில் வைத்துத் தைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். உடலில் தேறும் துண்டில் ஒரு ரவிக்கை வரும். பெண் குழந்தையென்றால் பாவாடையே தைக்கலாம். மற்றப் பட்டுகளைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள், உள்ளே ஈரம் தங்கி ஜரிகை கறுக்கும். துவைத்த பழைய வேட்டியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போடுங்கள். ரசகற்பூரம் பட்டில் நேராகப் படக்கூடாது.

அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். 1935ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடி தருவார்கள். மாதச் சேமிப்புத் திட்டமும் இருக்கிறது, கடையிலேயே விசாரியுங்கள். அதற்குள் அந்த நாலு ரவிக்கையும் தைத்து வந்துவிடும். அவற்றைப் பையில் எடுத்துப்போய், பிடித்த சேலையைக் கடை வாசல் வரை கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் ரவிக்கை மேல் வைத்துப் பாருங்கள். குறைந்தது இரண்டு ரவிக்கையோடாவது சேருகிற சேலையை மட்டும் பில் போடச் சொல்லுங்கள்.