சான்றிதழ் குவிகிறது, வேலை செய்ய வரவில்லையே?

கேள்வி: நான் செவிலியர். பொது சுகாதாரம், மருத்துவ ஆராய்ச்சி பற்றிய ஆன்லைன் கருத்தரங்குகளில் தவறாமல் கலந்துகொள்கிறேன். சான்றிதழ்கள் சேர்கின்றன. ஆனால் ஓர் ஆய்வில் இறங்கு என்றால் பயமாக இருக்கிறது. எந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: கேமராவை அணைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பவர்களை என் வகுப்புகளிலும் பார்க்கிறேன். அவர்கள்மேல் தப்பில்லை, ஒரு மணி நேரம் ஸ்லைடு மட்டும் ஓடினால் யாருக்கும் அப்படித்தான்.

நான் முதலில் கொடுப்பது ஒரு பழைய பட்டியல். 1940இல் நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்வீகோ பகுதியில், தேவாலய விருந்து ஒன்றுக்குப் பிறகு பலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. விசாரித்த 75 பேரில் 46 பேருக்கு உடல்நலக் கேடு. யார் எதைச் சாப்பிட்டார் என்ற விவரத்தைக் கொடுத்து, சிறு குழுக்களாகப் பிரித்து, 'குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள்' என்று விட்டுவிடுவேன். பெரும்பாலோர் முதலில் சந்தேகப்படுவது பன்றி இறைச்சியைத்தான்! கணக்குப் போட்டால் மாட்டுவது வெனிலா ஐஸ்கிரீம்: சாப்பிட்ட 54 பேரில் 43 பேருக்குப் பாதிப்பு, சாப்பிடாத 21 பேரில் 3 பேருக்கு மட்டுமே. இதைத் தானே கண்டுபிடித்தவருக்குத் தாக்கு விகிதத்தை (ஒன்றைச் சாப்பிட்டவர்களில் எத்தனை பங்கினர் நோயுற்றார்கள் என்பதை) மறுபடி விளக்க வேண்டியதில்லை.

ஆகவே பதிவு செய்யுமுன் இரண்டு கேளுங்கள்: பயிற்சிக்குத் தரவு தருவார்களா? நான் செய்ததை யாராவது திருத்துவார்களா? இல்லை என்றால், சரி, அந்த வகுப்பின் வீடியோவைச் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம். மருந்துச் சோதனைகளில் பணியாற்றும் எண்ணமிருந்தால் 'நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை' பயிற்சியை முதலில் முடியுங்கள். நோயாளியிடம் ஒப்புதல் பெறும் முறையெல்லாம் அதில்தான் வரும். புள்ளிவிவரக் கணக்குக்கு 'ஆர்' (R) மென்பொருள் இருக்கிறது, இலவசம்.